சென்னையில் வணிகர் வீட்டைப் பார்க்க எங்கே போவது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: வேறு ஊர்களில் பழைய வியாபாரியின் மாளிகையை அப்படியே நகர மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள், அறை அறையாகப் போய்ப் பார்க்க முடிகிறது, சென்னையில் அப்படி ஏதாவது உண்டா, அப்பா அம்மாவையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் எதைப் பார்க்க வேண்டும்.

உண்டு, ஆனால் முழுசாக ஓர் இடத்தில் இல்லை. எனக்கு இது நெடுநாள் வருத்தம். வியாபாரத்துக்காகவே உண்டான ஊர் இது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டில் இடம் பிடித்தபோது கூடவே நின்று பேசி முடித்துக் கொடுத்தவர் பேரி திம்மப்பா என்ற துபாஷி, அதாவது இரண்டு தரப்பின் மொழியும் தெரிந்த தரகர். அவருக்கு அப்புறம் கம்பெனிக்குத் துணி கொள்முதல் செய்து கொடுத்தே பெரிய மனிதரான காசி வீரண்ணா, கவர்னர் பிகட்டின் துபாஷியாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார், அவருக்கும் பிறகு பச்சையப்ப முதலியார் என்று வரிசையாக ஆட்கள். இவர்களில் ஒருவருடைய வீட்டைக்கூட இன்றைக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்க முடியாது. இவர்கள் விட்டுப்போன பணம் வேறு உருவங்களில் நிற்கிறது. பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் இருக்கும் பட்டணம் கோயில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்நின்று மறுபடி எழுப்பியது. பச்சையப்பன் கல்லூரியை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கோயில் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, வீடுதான் இல்லை. ஆகவே சென்னையில் வணிகர் வீட்டைப் பார்ப்பதென்றால் நான்கு இடங்களில் துண்டு துண்டாகப் பார்த்து நம் மனதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழும்பூர், கோட்டைக்குள் இரண்டு கட்டடங்கள், கடைசியாக முட்டுக்காடு.

போகும் முன் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும். வணிகர் வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் தூணைப் பார்க்கிறார்கள், கதவுச் செதுக்கலைப் பார்க்கிறார்கள், தரையின் பளபளப்பைப் படம் எடுக்கிறார்கள், இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். நான் சொல்வது, முதலில் இந்த வீட்டில் பணத்தை எங்கே வைத்து எண்ணினார்கள் என்று தேடுங்கள். சரக்கு எந்த வாசல் வழியாக வந்தது, கணக்குப்பிள்ளை எங்கே உட்கார்ந்தார், கடன் கேட்டு வந்தவன் எதுவரை உள்ளே வரலாம், அதற்கு மேல் யார் மட்டும் போகலாம். வீடு என்கிறோமே தவிர அது ஆபீஸ், கிடங்கு, வங்கி, கல்யாண மண்டபம் எல்லாம் சேர்ந்த ஒன்று. இந்தக் கேள்விகளோடு போனால் பிள்ளைகளுக்கும் சலிக்காது, ஏனென்றால் அவர்கள் தேடுவதற்கு ஏதோ ஒன்று இருக்கும்.

சரி, எழும்பூர். பாந்தியன் ரோட்டில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு நீங்கள் கட்டாயம் ஒருமுறையாவது போயிருப்பீர்கள், பள்ளியில் கூட்டிப்போயிருப்பார்கள். அது ஒரு வியாபாரியிடமிருந்து வாங்கிய இடம் என்பது வாசலில் நிற்கும் பெரும்பாலானோருக்குத் தெரியாது. கதை இப்படி. 1778-இல் ஹால் ப்ளூமர் என்ற கம்பெனி உத்தியோகஸ்தருக்கு அங்கே 43 ஏக்கர் நிலம் கொடுக்கிறார்கள். அவர் 1793-இல் அதை 24 பேர் கொண்ட ஒரு குழுவிடம் ஒப்படைக்கிறார். ஊரில் இருந்த வெள்ளைக்காரர்களின் கேளிக்கைகளை, நடனம், நாடகம், விருந்து என்று எல்லாவற்றையும் நடத்தி வைத்த குழு அது. பாந்தியன் என்று பெயர் விழுந்த இடமும் அதுதான், சாலைக்கு அந்தப் பெயர் அங்கிருந்து வந்தது. 1821-இல் அந்தக் குழு மாளிகையையும் நடுத் தோட்டத்தையும் ஈ. எஸ். மூராத் என்ற ஆர்மீனிய வணிகருக்கு விற்கிறது. அவர் கையில் ஒன்பது வருஷம்தான் இருந்தது. 1830-இல் அரசாங்கம் அவரிடமிருந்து வாங்கிக் கொஞ்ச காலம் கலெக்டர் கச்சேரியாக, அதாவது அலுவலகமாக வைத்திருந்தது. 1851-இல் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் கற்களையும் கனிமங்களையும் வைத்து எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கிய மியூசியம் இடம் போதாமல் 1854-இல் இங்கே வந்து சேர்ந்தது. அடுத்த வருஷமே அதே வளாகத்தில் மிருகக்காட்சி சாலையும் வைத்தார்கள், வண்டலூருக்கெல்லாம் மூதாதை அதுதான்.

ஆக, ஊரின் முதல் மியூசியமே ஒரு வியாபாரியின் தோட்ட வீட்டில் குடியேறியதுதான். ஆனால் அங்கே போய் மூராத்தின் படுக்கையறை எது என்று தேடாதீர்கள். நூற்றெழுபது வருஷத்தில் சேர்த்தும் மாற்றியும் கட்டிக்கொண்டே வந்ததில் பழைய வீட்டின் உருவம் கரைந்துவிட்டது. இப்போது கண்ணை இழுக்கும் சிவப்புக் கட்டடங்கள், கன்னிமாரா நூலகம், மியூசியம் தியேட்டர் எல்லாம் 1890-களில் வந்தவை. நான் அங்கே பார்க்கச் சொல்வது நிலத்தை. கேட்டில் நுழைந்து ஒரு நிமிஷம் நின்று, இந்த மொத்த வளாகமும் அதைத் தாண்டி சுற்றியிருக்கும் தெருக்களில் கொஞ்சமும் ஒரே ஒரு ஆளின் தோட்டமாக இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பணம் பண்ணியது கோட்டைப் பக்கம், கடற்கரை ஓரத்தில். அங்கே புழுக்கமும் நெரிசலும். பணம் சேர்ந்ததும் வண்டி கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே வந்து மரங்களுக்கு நடுவே வீடு. எழும்பூர், நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை எல்லாம் அப்படி உண்டானவைதான். இந்த மூராத் குடும்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல ஆசை: அவர்கள் பெயரும் சென்னையிலேயே சம்பாதித்த இன்னொரு ஆர்மீனியரான ராஃபேலின் பெயரும் சேர்ந்து இத்தாலியில் வெனிஸ் நகரத்தில் ஆர்மீனியப் பிள்ளைகளுக்காக மூராத்-ராஃபேல் கல்லூரி 1836-இல் வந்தது. நம் ஊர்க் கடலோரத்தில் ஈட்டிய காசு. பச்சையப்பர் செய்த காரியத்துக்கும் இதற்கும் ஒரே காலம், ஏறக்குறைய ஒரே மனசு.

எழும்பூருக்குப் போனதற்கு வெண்கலக் கூடத்தையும் அமராவதிச் சிற்பங்களையும் பார்க்காமல் வரக்கூடாது, திருவாலங்காட்டு நடராசர் ஒருவருக்காகவே போகலாம். ஆனால் அது இன்னொரு நாள் எழுத வேண்டிய சமாச்சாரம்.

அடுத்தது கோட்டை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டசபையும் இருப்பதால் சிலர் உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்துப் போவதே இல்லை. விடுவார்கள், அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பையைச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கோட்டை அருங்காட்சியகம் தொல்லியல் துறை நடத்துவது, 1948-இல் திறந்தது. கட்டடம் 1795-இல் முடிந்தது. கீழே மெட்ராஸ் பேங்க் என்ற வங்கி இருந்தது. மேல் மாடியில் இருக்கும் நீளக் கூடம்தான் வியாபாரிகள் கூடிய பப்ளிக் எக்ஸ்சேஞ்ச். விலை பேசினார்கள், ஏலம் எடுத்தார்கள், லாட்டரிக் குலுக்கலும் அங்கேயே நடந்தது. இன்று அந்தக் கூடத்தில் ராஜாக்கள், ராணிகள், ஆற்காட்டு நவாபுகளின் ஆளுயர ஓவியங்கள் தொங்குகின்றன. வருகிறவர்கள் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்துவிடுகிறார்கள். கூடத்தின் நீளத்தையும் ஜன்னல்களையும் பாருங்கள். அந்தக் காலத்தில் இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், மசூலாப் படகுகள் அலையை மீறிப் போய் ஆளையும் சரக்கையும் கொண்டுவரும், ஒரு பெரிய அலை வந்தால் பொதி தண்ணீரில். கடலும் இப்போது இருக்கும் தூரத்தில் இல்லை, கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. துறைமுகம் கட்டிய பிறகுதான் மணல் சேர்ந்து கரை தள்ளிப்போனது. ஆகவே அந்த மாடியில் நின்றவர்களுக்குத் தாங்கள் போட்ட பணம் கரை சேர்ந்ததா என்பது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடந்த விஷயம். அதே கட்டடத்தின் உச்சியில்தான் 1796-இல் ஊரின் முதல் கலங்கரை விளக்கத்தை வைத்தார்கள், எண்ணெய்த் திரி விளக்கு. 1844-இல் உயர்நீதிமன்ற வளாகத்தில் தனித் தூண் கட்டும் வரை அதுதான் கப்பல்களுக்கு வழிகாட்டியது. பேங்க், சந்தை, விளக்கு மூன்றும் ஒரே கட்டடத்தில் மாடி மாடியாக! எனக்குத் தெரிந்து இந்த ஊரின் பிறப்பை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கட்டடம் வேறு இல்லை.

உள்ளே கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் சிலை இருக்கிறது. பீடத்தில் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளை 1792-இல் பணயமாக ஒப்படைத்த காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள், நின்று பார்க்க வேண்டியது. 1947 ஆகஸ்ட் 15 விடியலில் இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பெற்றோர் வயதுக்காரர்களுக்கு அந்த ஒரு அறையே போதும்.

மியூசியத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கிளைவ் மாளிகை. பெயர்தான் கிளைவ், வீடு ஓர் ஆர்மீனிய வணிகருடையது. ராபர்ட் கிளைவ் 1753-இல் பக்கத்திலேயே இருக்கும் புனித மேரி ஆலயத்தில் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டில் குடியிருந்தார், அதனால் பெயர் அவருக்குப் போய்விட்டது. வாடகைக்கு இருந்தவர் பெயர் நிலைத்து, வீட்டுக்காரர் பெயர் மறைந்துபோனது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இதற்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749-இல் ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த கம்பெனி, பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று சொல்லி ஆர்மீனியர்களையும் கத்தோலிக்கர்களையும் கோட்டைக்குள் இருந்த தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றியது. இந்த மாளிகையும் கடைசியில் கம்பெனிக்குக் கைமாறி, அட்மிரால்டி ஹவுஸ் ஆனது. இத்தனைக்கும் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டிக் கொடுத்தவரும், பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்தவரும் பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரிதான்.

இப்போது அந்த மாளிகையில் தொல்லியல் துறை அலுவலகம் நடக்கிறது, ஆகவே முழு மியூசியம் போல அறை அறையாகச் சுற்ற முடியும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தாலே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கோட்டைக்குள் இடம் குறைவு, அதனால் வீடு அகலமாகப் பரவாமல் உயரமாகப் போகிறது. கீழ்த்தளம் சரக்குக்கும் வேலையாட்களுக்கும், மேல்தளம் குடும்பத்துக்கும் விருந்துக்கும் என்பது அந்தக் கால வணிகர் வீடுகளின் வழக்கம். சுவர்களையும் தூண்களையும் பாருங்கள். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அரைத்து, பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல ஆக்கிய மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சுக்கு அன்றைக்கு உலகம் முழுக்கப் பெயர் இருந்தது. பழைய கட்டடத்துக்குள் எங்கே நுழைந்தாலும் தலையை நிமிர்த்திக் கூரையையும் ஒரு தடவை பாருங்கள். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாகக் குத்தி நிறுத்தி மேலே சுண்ணாம்புத் தளம் போடும் மெட்ராஸ் டெரஸ் முறை இருக்கும். சிமென்ட் இல்லாத காலத்தில் இந்த வெயிலுக்கும் மழைக்கும் கண்டுபிடித்த பதில்.

இதுவரை சொன்ன மூன்றிலும் வணிகர் இருந்தார் என்பதற்கு அடையாளம் இருக்கிறது, அவர் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இல்லை. அதைப் பார்க்கத்தான் நாலாவது இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துவது, 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது, வளாகத்தின் அமைப்பை வகுத்தவர் லாரி பேக்கர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நான்கு பக்கத்திலும் இடிக்கப் போகிற நிலையில் இருந்த வீடுகளை வாங்கி, கழற்றி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஆசாரிகளையும் கொத்தனார்களையும் வைத்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஒன்று செட்டிநாட்டு வணிகர் வீடு. உங்கள் கேள்விக்கு இந்த ஊரில் மிக நெருக்கமான பதில் அதுதான். ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் கோட்டையையும் எழும்பூரையும் விட்டுவிட்டு இங்கே போங்கள்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு தெரிந்துவிட்டால் பார்ப்பது எளிது. தெருவில் உயரமான திண்ணை. அதைத் தாண்டி முகப்பு, அங்கே தரையை விட உயர்த்திய பட்டாலை. கணக்கும் கொடுக்கல் வாங்கலும் இங்கேதான். கணக்கு எழுதுகிறவர் தரையில் சம்மணம் போட்டு, முன்னால் சாய்வு மேசைப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேரேடு என்ற கணக்குப் புத்தகம், ஐந்தொகை என்ற வரவுசெலவு இருப்புக் கணக்கு எல்லாம் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான். அசலூர் ஆள் வந்தால் திண்ணை, தொழில் சம்பந்தப்பட்டவர் வந்தால் பட்டாலை, உறவு வந்தால் அதற்கு அப்பால் வளவு. வளவு என்பது நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் தூண் வைத்த பத்தியும் அறைகளுமாக இருக்கும் பகுதி. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, பந்தி போட்டுச் சாப்பிடும் இடம். அதற்கும் பின்னால் அடுப்படி, கிணறு. ஊரில் இருக்கும் பெரிய வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், முன்வாசலில் நின்றால் வரிசையாகக் கதவுகள் வழியே கடைசிவரை தெரியும். அவ்வளவு நீளத்தையும் முட்டுக்காட்டில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் எதுவரை யார் வரலாம் என்ற அந்த ஒழுங்கைப் புரிந்துகொள்ள அங்கே இருப்பது போதும். பிள்ளைகளைத் திண்ணையில் நிற்க வைத்து, நீ கடன் கேட்டு வந்திருக்கிறாய், எங்கே உட்காருவாய் என்று கேட்டுப் பாருங்கள்.

வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் சின்னதாக, இருட்டாக இருக்கும். இவ்வளவு பெரிய வீட்டில் இவ்வளவு சின்ன அறையா என்று எல்லோரும் கேட்பார்கள். அங்கே யாரும் பகலெல்லாம் இருக்க மாட்டார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. அதில் பெண் கொண்டுவந்த சாமான், நகை, பாத்திரம். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். வேறு வைப்பது என்றால் சண்டை போட்டுப் பிரிப்பது கிடையாது. அதே வீட்டில், அதே வளவில், வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்து, தனி அடுப்பு வைத்து, இனி நீயே குடித்தனத்தை நடத்து என்று விடுவது. மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாகச் சமைப்பார்கள். சின்ன வயதிலேயே சொந்த வரவு செலவைச் சமாளிக்கக் கற்றுக்கொடுத்த ஏற்பாடு இது என்று நான் பார்க்கிறேன். வெளியே ரங்கூனிலும் பினாங்கிலும் கணவன் பேரேடு எழுதினால், இங்கே மனைவி வீட்டுக் கணக்கு எழுதினாள். இந்த வீடுகளைப் பற்றிப் பேசும்போது ஆண்கள் கொண்டுவந்த தேக்கைப் பற்றியே பேசுகிறோம், வருஷக்கணக்கில் ஆண்கள் இல்லாமல் வீட்டையும் நிலத்தையும் கல்யாணம் காரியங்களையும் நடத்திய பெண்களைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆண்கள் எங்கே போனார்கள் என்றால், கொண்டு விற்கப் போனார்கள். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் பெட்டியடிப் பையனாகப் போய்க் கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவான், எடுபிடி வேலை செய்துகொண்டே வட்டிக் கணக்கை மனப்பாடம் செய்வான். அப்புறம் அடுத்தாள், அதற்கும் பிறகு மேலாள். மூன்று வருஷம் ஒரு கணக்கு, முடிந்தால் ஊருக்குத் திரும்பி வந்து, கொஞ்ச நாள் இருந்து, மறுபடி கப்பல். அங்கே பல முதலாளிகளின் ஆட்கள் கிட்டங்கி என்கிற ஒரே பொதுக் கட்டடத்தில் வரிசையாகப் பெட்டி வைத்து உட்கார்ந்து தொழில் செய்வார்கள், சமையலும் படுக்கையும் அங்கேயே. கீழ் பர்மா 1852-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது, 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது, காடு வெட்டி வயலாக்க விவசாயிக்குக் கடன் வேண்டியிருந்தது. அந்தக் கடனைக் கொடுத்தவர்கள் இவர்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் ஏராளமாகச் செட்டியார்கள் கைக்கு வந்தது, அதனால் கசப்பும் வந்தது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். தூண் அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அந்த விவசாயிக்கும் நியாயம் இல்லை. 1942-இல் ஜப்பான் பர்மாவுக்குள் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று, காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் உண்டு.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் திறந்தார். அண்ணா சாலையில் அதன் தலைமை அலுவலகத்தைத் தாண்டிப் போகும்போது அந்தப் பட்டாலையையும் கணக்குப் பெட்டியையும் நினைத்துக்கொள்ளலாம், அங்கிருந்து வளர்ந்ததுதான் இது.

இனி தூணைப் பார்க்கலாம், தடையில்லை. பர்மாத் தேக்கு. ஆத்தங்குடிக் கல் என்றால் காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் சாயமும் சிமென்ட்டும் ஊற்றிக் கையால் செய்கிற தரைக்கல். அந்தக் கண்ணாடிதான் மேல்பக்கத்துக்கு வழவழப்பைக் கொடுக்கிறது, சூளையில் சுடுவது கிடையாது, நடக்க நடக்க மெருகு ஏறும். சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசியிருப்பார்கள், உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சித்திரை வெயிலிலும் குளிர்ச்சி. கூரைத் தண்ணீர் முழுக்க முற்றத்துக்கு வரும்.

இந்த வீடு ஏன் முட்டுக்காட்டுக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். புள்ளிகள் பெருகிப் பெருகி ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்குதாரர்கள் ஆகிவிடுகிறார்கள், ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் அமெரிக்கா. பராமரிப்புச் செலவுக்கு ஒத்துவராது, விற்பதற்கும் ஒத்துவராது. கடைசியில் இடித்து, கதவு தனி, தூண் தனி, சட்டம் தனி என்று விற்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருப்பது அப்படி வந்த சாமான்களும்தான். முழு வீடாகக் காப்பாற்றப்பட்டது கொஞ்சம். ஜார்ஜ் டவுனிலும் இதே கதைதான், இன்னும் வேகமாக. தங்கசாலைத் தெரு, பவழக்காரத் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, காசி செட்டித் தெரு என்று தெருப் பெயரிலேயே வியாபாரம் இருக்கிறது. பவழக்காரத் தெருவில் மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்துக்கு மாற்றிய யூத வணிகர்கள் இருந்தார்கள். பிறகு நகரத்தார், அதாவது செட்டிநாட்டு வணிகர்கள் வந்தார்கள். கீழே கடை, மேலே குடும்பம், நடுவில் முற்றம் என்று ஒடுக்கமாக, ஆழமாகப் போகும் வீடுகள். அவற்றில் ஒன்றையாவது மாநகராட்சியோ அரசோ எடுத்து, கணக்குப் பெட்டியோடும் கிடங்கோடும் நகர மியூசியமாக வைக்க வேண்டும் என்று நான் யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். இன்னும் நிற்கிற வீடுகள் சில இருக்கின்றன. அதிக நாள் இருக்காது.

முட்டுக்காட்டில் வணிகர் வீட்டிலிருந்து நேராக நெசவாளர் வீட்டுக்குப் போங்கள், வரிசையை மாற்றாதீர்கள். அந்த வீட்டில் நல்ல இடம் முழுவதையும் தறி எடுத்துக்கொண்டிருக்கும், மனிதர்கள் மிச்ச இடத்தில். கோட்டையில் கம்பெனியும் துபாஷிகளும் கோடிக்கணக்கில் விற்ற துணி இப்படிப்பட்ட வீட்டில் இருந்துதான் வந்தது, முன்பணம் வாங்கிக்கொண்டு நெய்து கொடுத்தார்கள். இரண்டு வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம்.

கடைசியாக நடைமுறை. எழும்பூருக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். இந்த இரண்டையும் தவிர்த்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள், பெரியவர்கள் கால் தாங்காது. ஒரு நாள் காலையில் கோட்டை, அங்கிருந்து ஆர்மீனியன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியர் ஆலயம். உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-இல் சென்னையில்தான் அச்சானது, அதை நடத்திய பாதிரியார் அந்த ஆலயத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். கோட்டைக்குப் போக மின்சார ரயிலில் சென்னைக் கோட்டை நிலையம் வசதி. எழும்பூருக்கு மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்துவிடலாம், நடக்கிறவர்கள் நடக்கலாம். முட்டுக்காட்டுக்குத் தனியாக ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மாமல்லபுரம் போகும் ஈசிஆர் பேருந்து எல்லாம் அந்த வழிதான், கிட்டத்தட்ட இருபத்தைந்து கிலோமீட்டர். காலை பத்து மணிக்குத் திறந்ததும் போய்விட்டால் வெயில் ஏறும் முன் தமிழ்நாட்டு வீடுகளை முடித்துவிடலாம், மதியம் அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கேரள வீடுகள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், வளாகம் திறந்தவெளி. அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் வணிகர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றிவரலாம், காற்று நன்றாக வரும்.